அந்தப் பச்சையை அழிக்க வேண்டாம், மகள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் பத்து பிள்ளைகளுக்கு வரலாறு பாடத்தில் ஒரு செயற்பாடு கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரின் படத்தை ஒட்டி, அவருடைய பெயர் என்ன, எங்கே பிறந்தார், குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஒரு பக்கம் எழுதி வரவேண்டும். வகுப்பறைச் சுவரில் எல்லாவற்றையும் ஒட்டுவதாகத் திட்டம்.

ஒரு மகள் தன் அப்பாயியின் படத்தைக் கொண்டுவந்தாள். வர்ணப் படம், தெளிவாக இருந்தது. ஆனால் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது. அந்த அம்மாவை நான் பெற்றோர் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். வளர்த்துத் தொங்கவிட்ட காதுகள், தோளைத் தொடும். இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சை. படத்தில் இருந்தவருக்கு என்னைப்போல் சின்னக் காது. கை இரண்டும் வெறுமையாக, பளபளவென்று இருந்தன.

"போன்ல எடிட் பண்ணிட்டேன் டீச்சர்" என்றாள். "அசிங்கமா இருந்துச்சு."

யார் அப்படிச் சொன்னது என்று கேட்டேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு சொன்னாள். அப்பாயியோடு நாவலப்பிட்டிக்கு பஸ்ஸில் போனால் எல்லோரும் காதையே பார்க்கிறார்களாம். பின் சீட்டில் இருந்து யாரோ "தோட்டக்காட்டு ஆளு" என்று சொல்லிச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அவள் அப்பாயியோடு ஒரே சீட்டில் உட்காருவதில்லை.

நான் ஏசவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளை அந்தச் சிரிப்பைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். ஆனால் அந்தப் படத்தை அப்படியே சுவரில் ஒட்டவும் எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை, வீட்டாரிடம் கேட்டுக்கொண்டு, அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன்.

லயத்து இஸ்தோப்பில் பாயை விரித்து, பிளேன்டீ தந்தார். எண்பத்தைந்தைத் தாண்டிய வயது. காது கொஞ்சம் மந்தம், பேச்சு சுத்தம். நான் கேட்பதற்கு முன்பே அவர் என்னைக் கேட்டார்: "டீச்சரு குடும்பம் எந்த ஊரு?"

எங்கள் வாப்பாவின் வாப்பா தொண்டியில் இருந்து வந்து இங்கே கடை வைத்தவர் என்று சொன்னேன்.

"அட, நம்ம ராமநாதபுரம் சில்லாக்காரவுங்களா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய அம்மாவும் அந்தப் பக்கத்தில் இருந்து சின்ன வயதில் வந்தவராம். ஊர்ப் பெயரைவிட, ஊர் எல்லையில் இருக்கும் தெய்வத்தின் பெயர்தான் இவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்தக் காதையும் கையையும் பற்றி அவர் சொன்னதையும், வரலாறு படிப்பிக்கிறவளாக எனக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காது. மதுரைக்குத் தெற்கே ராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளில் பெண்பிள்ளை பிறந்தால் காதைக் குத்தி, துளையில் பஞ்சைத் திணித்து, பிறகு குணுக்கு என்ற கனமான ஈய வளையத்தைப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் காதை வளர்ப்பார்கள். காது வடிந்து தொங்கினால்தான் தண்டட்டி போடலாம், பாம்படம் போடலாம். காது வளராத பெண்ணை "மூளிக்காது" என்று கேலி செய்த காலம் அது. இன்று பஸ்ஸில் சிரிக்கிறார்களே, அன்றைக்கு அதே சிரிப்பு மற்றப் பக்கத்தில் இருந்தது. எது அழகு, எது அசிங்கம் என்பது நூறு வருஷத்துக்குள் இப்படித் தலைகீழாகும் விஷயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்திலும் இது உண்டு. என் வாப்பாவின் உம்மாவுக்குக் காதின் மேல் ஓரம் முழுக்க வரிசையாகத் துளைகள் இருந்தன. அந்தக் காலத்து முஸ்லிம் பெண்கள் பலர் காது விளிம்பு நிறைய வளையம் போட்டவர்கள்தான். என் தலைமுறையில் ஒன்றோடு நிறுத்திவிட்டோம். பழைய படங்களைப் பார்த்து நாங்களும் சிரித்திருக்கிறோம்.

அடுத்தது பச்சை. தமிழ்நாட்டில் பச்சை குத்துகிற தொழிலைப் பெரும்பாலும் குறவர் சமூகத்துப் பெண்கள் செய்தார்கள். நூறு வருஷத்துக்கு முன்பு தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டனும் இதைக் குறித்திருக்கிறார். விளக்குக் கரியையும் பச்சிலைச் சாற்றையும் குழைத்து மை செய்வார்கள். ஊசிகளைச் சேர்த்துக் கட்டிக் குத்துவார்கள். பிள்ளை அழாமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்கள். குத்தி முடிந்ததும் மஞ்சள் பூசுவார்கள். கோலம், தேள், மீன், பெயர் எழுத்து என்று வகைவகையாக இருக்கும்.

இந்த அப்பாயிக்கு அது நடந்தது இங்கே, இதே தோட்டத்தில். சுதந்திரத்துக்கு முந்திய வருஷங்களில், அவருக்கு ஒன்பது பத்து வயதிருக்கும்போது, அக்கரையில் இருந்து ஒரு பெண் பச்சை குத்த வந்திருக்கிறார். அக்காவையும் இவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, இரண்டு பேருக்கும் ஒரே கோலத்தைக் குத்தியிருக்கிறார். கூலியாகக் கொடுத்தது அரிசி. "அக்கா அழுவல, நாந்தான் லயமே கேக்குற மாதிரி கத்துனேன்" என்று சிரித்தார்.

இதையெல்லாம் ஒரேயடியாகப் புகழ்ந்து தள்ளவும் நான் விரும்பவில்லை. காது வளர்ப்பதும் பச்சை குத்துவதும் குழந்தையிடம் கேட்டுச் செய்த காரியங்கள் இல்லை. வலித்திருக்கும், சீழ் வைத்திருக்கும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் மார்க்கத்தில் பச்சை குத்துவது தடுக்கப்பட்டது. என் பிள்ளை குத்துகிறேன் என்று வந்தால் நான் விடமாட்டேன். ஆனால் ஒருவரின் கையில் ஏற்கெனவே இருக்கும் வரலாற்றை மதிப்பது வேறு விஷயம். அதை வாசிக்கத் தெரிந்துகொள்வது ஒரு வரலாற்று ஆசிரியையின் வேலை.

இப்போது அந்தக் கை எப்படி இந்த மலைக்கு வந்தது என்று பார்ப்போம்.

1820களில் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பி பயிரிட்டதில் இருந்து இந்தக் கதையைத் தொடங்குவது வழக்கம். எங்கள் கொத்மலையில் இருந்து அது கூப்பிடு தூரம். கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பழம் பறிக்கும் பருவத்துக்கு வருவார்கள், முடிந்ததும் திரும்புவார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்களின் எலும்பு அந்தப் பாதை நெடுகக் கிடந்தது.

1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி அழிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தி, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். மலை முழுவதும் தேயிலை ஆனது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருஷம் முழுக்கக் கொழுந்து வரும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும், பெண்கள் வந்தால் குடும்பம் வரும். மலையகம் என்று இன்று நாம் சொல்கிற சமூகம் உருவானதே பெண்கள் வந்து தங்கிய பிறகுதான். ஆனால் அதே வேலைத் தலத்தில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்ற வழக்கம் 1984 வரை இருந்தது.

ஆட்களைக் கொண்டுவந்தது கங்காணி. திருச்சியில் 1904இல் இலங்கைத் தோட்டத்துரைமார் தொழில் ஆணையகம் ஒன்றைத் திறந்தார்கள். அதற்குக் கொஞ்சம் முன்பு, 1901 அளவில், ஒரு புது ஏற்பாடு வந்தது. வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை. அதில் தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் அடித்திருக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது, ஆள் எந்தத் தோட்டத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கெல்லாம் அந்தத் தகரம்தான் சாட்சி.

பிறகு 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் ஓடத் தொடங்கியது. 1917இல் மண்டபம் முகாம் வந்தது. ஆட்களை அங்கே சில நாள் தங்க வைத்து, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். இந்த அப்பாயியின் அம்மா அந்த முகாம் வழியாக வந்தவர். அவருடைய மேற்கையில் மண்டபத்தில் குத்திய அம்மைத் தழும்பு வட்டமாக இருந்ததாம். அதற்குக் கீழே ஊரில் குத்திய பச்சை.

ஒரே கையில் இரண்டு குத்து. ஒன்றைக் குத்தியது அரசாங்கம், தனக்கு நோய் பரவக் கூடாது என்பதற்காக. மற்றதைக் குத்தியது தாய், தன் பிள்ளை யாருடைய பிள்ளை என்று தெரிய வேண்டும் என்பதற்காக. தகர வில்லையும் மேற்கைத் தழும்பும் கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் தேவைப்பட்ட அடையாளங்கள். அந்தப் பெண் தன் விருப்பப்படி இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த அடையாளம் காதும் பச்சையும் மூக்குத்தியும்தான். தகரங்கள் எங்கே போயின என்று தெரியவில்லை. ஏதாவது நூதனசாலையில் ஒன்றிரண்டு இருக்கலாம். பச்சை மகளுக்கும் வந்தது.

இந்தத் தோற்றத்தை வெள்ளைக்காரர்கள் அசிங்கம் என்று நினைத்தார்களா? இல்லை. விற்றார்கள்.

பிள்ளைகளுக்குக் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் பாடமாக இருக்கிறது. 1833. அந்தக் கமரனின் மனைவி யார் என்று யாரும் பரீட்சைக்குக் கேட்பதில்லை. ஜூலியா மார்கரெட் கமரன், அந்த நூற்றாண்டின் பெரிய புகைப்படக் கலைஞர்களில் ஒருவர். இங்கிலாந்தின் கவிஞர்களையும் விஞ்ஞானிகளையும் படமெடுத்தவர். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தபடியால் 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்துவிட்டார்கள். இங்கே அவர் படமெடுத்தவர்களில் தோட்டத்துத் தமிழர்களும் இருக்கிறார்கள். 1879இல் டிக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை சென் மேரிஸ் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.

அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களின் கீழே டென்னிசன், டார்வின் என்று பெயர் இருக்கும். இங்கே எடுத்த தமிழர்களின் படங்களில் பெரும்பாலும் பெயர் இல்லை.

பிறகு கொழும்பில் பிளேட்டே போன்ற புகைப்பட நிலையங்கள் வந்தன. மூக்குத்தியும் காது நகையும் போட்ட தமிழ்க் கூலிப் பெண் என்று தபாலட்டைகள் அச்சாகி உலகமெல்லாம் போயின. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கே வந்து தோட்டங்கள் வாங்கினார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் அவருடைய தேயிலை விளம்பரத்தில் ஏறியது. லண்டனில் தேநீர் குடித்தவருக்கு அந்த முகம் தெரியும், அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது.

அந்த முகத்தைக் காட்டித் தேயிலை விற்றுக் காசு பார்த்தார்கள். அதே முகத்தைச் சுமந்த பெண்ணின் பேத்தி இன்று பஸ்ஸில் வெட்கப்படுகிறாள். என்னை உறுத்துவது இதுதான்.

வந்த வழியைப் பற்றி வெட்கப்படாமல் பேசிய பெண்கள் நம்மிடம் இருக்கவில்லையா? இருந்தார்கள். முதலில் சொல்ல வேண்டிய பெயர் மீனாட்சி அம்மாள்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருந்து வந்த கோ. நடேசய்யரை மலையகத்தில் பலருக்குத் தெரியும். வெளியாட்கள் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலத்தில், புடவை வியாபாரி வேஷத்தில் லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டு எழுதியவர். 1931இல் ஹட்டனைத் தளமாக வைத்துத் தோட்டத் தொழிலாளருக்குச் சம்மேளனம் அமைத்தவர். 1936இல் அரசாங்க சபைக்கு ஹட்டன் தொகுதியில் தெரிவானவர். அவருடைய துணைவி மீனாட்சி அம்மாள். பத்திரிகை வேலையிலும் தொழிற்சங்க வேலையிலும் சம பங்கு எடுத்தவர். அவருடைய பெரிய ஆயுதம் பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஆயிரம் பேர் கூடியிருக்கும் கூட்டத்தில், மக்களுக்குப் பழக்கமான மெட்டில் தானே கட்டிய பாட்டைப் பாடுவார். அதன் பிறகுதான் பேச்சு.

1930களின் ஹட்டனை நினைத்துப் பாருங்கள். ஒரு பெண் மேடையில் ஏறி, ஆண்கள் கூட்டத்துக்கு முன்னால், அரசியலைப் பாட்டாகப் பாடுவது அன்றைக்கு எவ்வளவு விசித்திரமான தோற்றமாக இருந்திருக்கும்! பஸ்ஸின் பின் சீட்டில் இருப்பவர்கள் அன்றைக்கும் இருந்திருப்பார்கள்.

அவர் 1940இல் ஒரு பாட்டுப் புத்தகம் வெளியிட்டார். பெயர், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை'. அந்த வருஷம் முக்கியம். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை வெளியேற்ற முடிவெடுத்தார்கள். பேசித் தீர்க்க நேரு கொழும்புக்கு வந்தார். அந்த ஜூலையில்தான் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உருவானது. ஓகஸ்டில் இந்தியா, தொழிலாளர் இங்கே வருவதையே தடை செய்தது. "வந்தவர்கள் போகட்டும்" என்ற குரல் எல்லாப் பக்கமும் கேட்ட நேரம். அப்படிப்பட்ட நேரத்தில் தன் ஜனங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பதை ஒளிக்காமல், புத்தகத்தின் தலைப்பிலேயே போட்டு, இந்த நாட்டின் செல்வத்தை உழைத்து உண்டாக்கியவர்கள் நாங்கள் என்று பாடிய பெண் அவர்.

இன்னொரு பெயர் எங்கள் அயலில் இருந்து. பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலையில் பாராளுமன்றத்துக்குத் தெரிவானவர். கவிஞராக, நாவலாசிரியராக அவரைத் தெரியும். தோட்டத்து மக்களின் வாய்மொழிப் பாட்டுகளையும் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவற்றில் பல பெண்கள் பாடியவை. எழுதத் தெரியாதவர்கள் வரலாற்றைப் பாட்டிலும் தோலிலும் எழுதி வைத்தார்கள் என்பது என் எண்ணம். பாட்டைச் சேர்க்க ஒரு சி.வி. இருந்தார். தோலில் எழுதியதைச் சேர்க்க யாரும் இல்லை. அந்தத் தலைமுறை போனால் அதுவும் போய்விடும்.

தாளில் எழுதிய வரலாறு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? அதைத்தான் அந்த அப்பாயி எனக்குச் சொன்னார்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது அவருக்குப் பத்து, பதினொரு வயது. அடுத்த வருஷம் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம். எங்கள் அப்பாவும் அந்தச் சட்டத்தின் கீழ்தான் விண்ணப்பித்தார். அவர் கடைக்காரர், கணக்குப் புத்தகம், ரசீது எல்லாம் வைத்திருந்தார். லயத்தில் இருந்தவர்களிடம் என்ன இருந்தது? இத்தனை வருஷம் இடைவிடாமல் இங்கே இருந்ததாக நிரூபிக்க வேண்டும். கலியாணத்துக்கு ஊருக்குப் போய்வந்த கதைகூட எதிராகப் போனது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது ஒன்றேகால் லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு. அப்பாயியின் தகப்பனாரின் விண்ணப்பம் தள்ளப்பட்டது.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரை இரண்டு நாடுகளும் பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் கணக்கைப் பிறகு பார்ப்பது என்று முடிவு. அந்தப் பங்கீட்டில் அக்கா குடும்பம் அந்தப் பக்கம், இவர் குடும்பம் இந்தப் பக்கம். தலைமன்னாருக்குப் போன அந்த ரயில்களை அழுகைக் கோச்சி என்று மலையகத்தில் சொல்வார்கள். அக்கா நீலகிரிப் பக்கம் போய் அங்கேயும் தேயிலைத் தோட்டத்தில்தான் வேலை செய்தாராம். கொஞ்ச காலம் கடிதம் வந்தது. பிறகு நின்றுவிட்டது.

1973, 74 பஞ்சம். தோட்டங்களில் ரேஷன் குறைந்து, பட்டினியால் மனிதர்கள் செத்த வருஷங்கள். அப்போதுதான் அம்மா போட்டுவிட்ட தண்டட்டியைக் கழற்றி மாவுக்கு விற்றிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தக் காது வெறும் காதாகவே தொங்குகிறது.

அவருக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது 1988ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு. ஐம்பது வயதுவரை, தான் எந்த நாட்டுக்காரி என்று காட்ட அவரிடம் ஒரு தாள் கிடையாது. அவருக்குப் பிறகும் விடுபட்டவர்கள் இருந்தார்கள், அவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் வர வேண்டியிருந்தது.

"பேப்பரு ரெண்டு தரம் போயிருச்சு டீச்சர்" என்றார். "எழுபத்தேழுல லயத்தக் கொளுத்துனப்ப ஒருக்கா. அப்பறம் மண்ணு சரிஞ்சப்ப ஒருக்கா. நகையும் போச்சு. அக்காவும் போச்சு. இது மட்டுந்தான் போவல." முழங்கையில் இருந்து மணிக்கட்டு வரை அந்தக் கோலத்தை விரலால் தடவிக் காட்டினார். "இத அடகு வைக்க முடியாது. எங்கக்கா கையிலயும் இதே கோலந்தான். எங்கயாவது ஒரு நாளு நேர்ல பாத்தா, மூஞ்சி மறந்தாலும் இத வச்சு கண்டுபிடிச்சிருவோம்னு சொல்லித்தான் பிரிஞ்சோம்."

பேத்தி பக்கத்தில் இருந்தாள். போனில் தான் அழித்தது எது என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை என்று பட்டது.

"ஓங்களுக்கு இதில வெக்கம் இல்லையா, யாரும் சிரிச்சா?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னா வெக்கம்? சிரிக்கிறவுங்களுக்கு அவுங்க பாட்டி எப்படி இருந்தான்னு தெரியாது. எனக்கு எங்கம்மா, அவுங்கம்மா எல்லாரும் எப்படி இருந்தாங்கன்னு கண்ணாடியப் பாத்தா தெரியும்."

திரும்பி வரும் வழியில் எனக்கு என் நிலைமையும் நினைவுக்கு வந்தது. 2018இல் திருகோணமலையில் அபாயா அணிந்து பாடசாலைக்குப் போன ஆசிரியைகளைச் சுற்றி எழுந்த பிரச்சினையை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு அடுத்த வருஷம், ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, முகத்திரைக்குத் தடை வந்தது. முகத்தை மூடாத என்னையும் பஸ்ஸில் உற்றுப் பார்த்த கண்களை நான் அறிவேன். பக்கத்து சீட் காலியாகவே இருந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் என் மகள் என்னிடம், "உம்மா, வேற மாதிரி உடுத்திட்டுப் போனா என்ன?" என்று கேட்டிருக்கிறாள். என் மாணவியின் கேள்வியும் அதுவேதான். பார்க்கிறவர்களின் கண்ணுக்கு ஏற்ப எங்கள் வீட்டுப் பெண்களைத் திருத்திவிட்டால் நிம்மதி என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிள்ளைகளில் பிழை இல்லை. அவர்களுக்கு நாம் கதையைச் சொல்லவில்லை.

எங்கள் கொத்மலையில் இன்னொரு காட்சி உண்டு. நீர்த்தேக்கம் கட்டி 1985இல் நீர் நிறைந்தபோது சிங்களக் கிராமங்கள் மூழ்கின. அந்த மக்கள் வேறு இடங்களில் குடியேற வேண்டி வந்தது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது கடதொர பழைய விகாரையின் இடிபாடு வெளியே தெரியும். அப்போது அந்த ஊரின் பழைய ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வருவார்கள். உடைந்த சுவரைத் தொட்டு, இங்கேதான் எங்கள் ஊர் இருந்தது என்று காட்டுவார்கள். சேறு படிந்த இடிபாடு அசிங்கம் என்று அவர்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இடம்பெயர்ந்தவர்களுக்கு மிஞ்சிய சுவரின் பெறுமதி தெரியும். அந்த அப்பாயியின் காதும் கையும் அப்படி மிஞ்சியவைதான்.

2023இல் மலையக மக்கள் வந்து 200 வருஷத்தை நினைவுகூர்ந்து, ஜூலை 28இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்களே, அதில் எல்லா இனத்தவரும் கலந்துகொண்டார்கள். முன்னோர் நடந்த பாதையைத் திரும்ப நடப்பது பெருமை என்று அன்றைக்கு எல்லோரும் எழுதினோம். நடந்து வந்த கால்களுக்குப் பெருமை கொடுத்தோம். அதே உடம்பில் இருந்த காதையும் கையையும் பார்த்து முகம் சுளித்தால் அந்தப் பெருமைக்கு அர்த்தம் இல்லை.

திங்கட்கிழமை அந்த மகள் புதுப் படம் கொண்டுவந்தாள். இஸ்தோப்பில் எடுத்தது. அப்பாயி முக்காட்டை இறக்கி, காது இரண்டும் தெரிய, இரண்டு கைகளையும் மடியில் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். படத்துக்குக் கீழே அவள் அப்பாயியின் முழுப் பெயரையும், அம்மாயி முறையாகிற அந்தப் பெரிய பாட்டியின் பெயரையும் எழுதியிருந்தாள். கமரனின் படங்களில் இல்லாதது அது. கடைசி வரியில், நீலகிரியில் இதே கோலம் கையில் உள்ள ஒரு பாட்டியை யாராவது கண்டால் பாடசாலைக்கு அறிவிக்கவும் என்று எழுதியிருந்தாள். படித்துவிட்டு நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். அந்தப் பாட்டி உயிரோடு இருப்பாரா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

படத்தை இங்கே போடவில்லை. அது அவர்கள் வீட்டுப் படம், வகுப்பறைச் சுவரில் இருப்பது போதும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அலுமாரியில், டிரங்குப் பெட்டியில், சாமிப் படத்துக்குப் பின்னால், எங்காவது உங்கள் வீட்டுப் பாட்டியின், மூத்தம்மாவின், ஆச்சியின் படம் ஒன்று இருக்கும். இன்றைக்கே அதை எடுத்துப் பின்பக்கத்தில் பெயரை எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம், காதில் என்ன போட்டிருக்கிறார், கையில் என்ன கோலம், யார் குத்தியது என்று தெரிந்ததை எழுதுங்கள். அவர் உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பஸ்ஸிலும் அவர் பக்கத்து சீட்டிலேயே உட்காருங்கள்.